தியாகத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சிரிக்கிற மாதிரி ஒரு பக்கம் பண்ணிக் குடும்மா" என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் பத்திரிகையில் ஆசிரியர் சிரிக்கச் சொன்னால் எங்கேயோ ஒருவர் வயிறு எரியப் போகிறது என்று அர்த்தம். இந்த முறை அது என் வயிறு.

நான் பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவள். எழுதுவது நிருபர், வெட்டுவது உதவி ஆசிரியர், வெட்டிய மிச்சத்தைக் கம்ப்யூட்டரில் தூக்கிவந்து பக்கத்தில் உட்கார வைப்பது நான். வருஷக்கணக்காக இதே நாற்காலி, இதே முதுகுவலி. ஒரு வரி எழுதிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை. பவள விழா மலருக்கு ஆள் போதவில்லை என்றதும்தான் என் ஞாபகம் வந்திருக்கிறது.

"பழைய பேப்பரைப் புரட்டிப் பாரு. தொட்டதுக்கெல்லாம் 'தியாகம்'னு தலைப்பு வெச்சிருப்பாங்க. காய்ச்சலோட பாடினா தியாகம், கார் இல்லாம நடந்து போனா தியாகம். வரவேற்பறையில அந்த மரக்கட்டை இருக்கே, அது போட்டோவை நடுவுல பெருசாப் போட்டு, சுத்தி நாலு செய்தியைப் போடு. ஜனங்க ரசிப்பாங்க" என்றார்.

அந்த மரக்கட்டை எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் ரொம்பப் பெரிய எழுத்து ஈயத்தில் கிடையாது. பெரிய தலைப்பு வேண்டுமென்றால் மரத்தில்தான் செதுக்குவார்கள். யாரோ ஒரு பெரிய தலைவர் இறந்த அன்று 'தியாகம்' என்று ஒரே பலகையில் செதுக்க வைத்திருக்கிறார்கள். மறுநாள் தலைவரோடு கட்டையையும் ஓய்வெடுக்க விட்டிருக்கலாம். விட்டார்களா? காசு கொடுத்துச் செதுக்கியது சும்மா கிடக்கிறதே என்று, தலைப்பு தோன்றாத போதெல்லாம் தூக்கிவந்து வைத்து அடித்துத் தள்ளியிருக்கிறார்கள்.

ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தக் கட்டை அடித்த எழுத்து என் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

சட்டம் போட்ட பழைய பேப்பர் துண்டு அது. மேலே கொட்டை எழுத்தில் 'தியாகம்'. அதன் கீழே, 'மில் தீயில் சக தொழிலாளரைக் காக்கத் தன்னுயிர் ஈந்தார்'. அதற்கும் கீழே என் மாமனாரின் படம். நான் பார்த்தறியாத மனிதர். செய்தி வந்தபோது என் கணவர் கைக்குழந்தை. இப்போது நாற்பது தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவருக்குத் 'தியாகி மகன்' என்றே பெயர். பேட்டிங் முறை வந்தால், "தியாகி மகன்தானே, விட்டுக் குடுடா" என்று மட்டையைப் பிடுங்கிக்கொள்வார்களாம். சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புக்குள் பெருமையும் இருக்கும். அப்பா என்று அவருக்கு இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அந்தச் சட்டத்தைக் கண்டால் ஆகாது. வீடு முழுக்கத் துடைப்பவர் அதை மட்டும் தொடமாட்டார். மகன் மாட்டியது, மகனுக்காக இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

அத்தையிடம் இரண்டு விநோதங்கள் உண்டு. ஒன்று, வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. வாசல் கதவுக்கு மட்டும் உள்பக்கம் ஒரு கொக்கி, அதுவும் குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில். கல்யாணமாகி வந்த புதிதில் குளியலறைக்குப் போனேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை மட்டும் இருந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உள்ள ஆள் இருந்தா வாளியைக் கதவுக்கு வெளிய வெச்சிடும்மா, யாரும் வரமாட்டாங்க" என்றார் அத்தை நிதானமாக. வாளியை வெளியே வைத்துவிட்டு நான் எதில் குளிப்பது? கடைசியில் வெளியே வைக்கவென்றே ஒரு சிவப்பு வாளி வாங்கினோம்.

இன்னொன்று, பேப்பர் வந்ததும் அத்தை முதலில் திருப்புவது ஏழாம் பக்கம். அங்கே கீழ்மூலையில் 'திருத்தம்' என்று தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். 'நேற்றைய இதழில் தலைமைப் பொறியாளர் என வெளியானது துணைப் பொறியாளர் என்றிருக்க வேண்டும். பிழைக்கு வருந்துகிறோம்.' இப்படி ஏதாவது. அதைப் படித்து முடித்த பிறகுதான் முதல் பக்கத்துக்கே வருவார். அந்தப் பெட்டியைப் பக்கத்தில் வைக்கிறவள் நான், படிக்கிற ஒரே வாசகி என் மாமியார் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பேன்.

சரி, பழைய பேப்பர்களுக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸின் பின்கட்டில், வருஷவாரியாகத் தைத்து அட்டை போட்ட பேப்பர் கட்டுகள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் நன்றாகவே சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. நகராட்சித் தலைவர் மதியத் தூக்கத்தை விட்டுச் சாக்கடை அடைப்பைப் பார்வையிட்டார்: தியாகம். மந்திரி ஒருவர் பத்து நாட்டுச் சுற்றுப்பயணத்தில் ஒரு நாட்டைக் குறைத்துக்கொண்டார்: தியாகம். நடிகை ஒருவர் படத்துக்காக முடியை வெட்டிக்கொண்டார், கால்பந்துக்காரர் ஒருவர் முன்பல்லைப் பறிகொடுத்துக் கோலைத் தடுத்தார், பாடகர் ஒருவர் தொண்டைக்கட்டோடு மூன்று மணி நேரம் பாடினார். எல்லாம் தியாகம். பாடகரை உட்கார்ந்து கேட்டவர்களின் தியாகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

சிரிப்பு ஒரு படகுக்காரரோடு நின்றது. வெள்ளத்தில் கவிழ்ந்த வேறு யாருடைய படகிலிருந்தோ விழுந்த இரண்டு குழந்தைகளை, இவர் குதித்து இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார். மூன்றாவது குழந்தைக்காகத் திரும்பப் போனவர் வரவில்லை. இதற்கல்லவா அந்தக் கட்டையை எடுத்திருக்க வேண்டும்? உள்பக்கத்தில் விரற்கடை இடம். தலைப்பு: 'படகோட்டி பலி'.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. முன்னும் பின்னுமாகப் புரட்ட ஆரம்பித்தேன். கல்குவாரியில் பாறை சரிந்து செத்தவர்களுக்குத் தியாகம். சாயத் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டு மூச்சு முட்டிச் செத்தவருக்குத் தியாகம். கட்டிக்கொண்டிருந்த பாலத்திலிருந்து விழுந்தவருக்குத் தியாகம். 'நாட்டின் வளர்ச்சிக்காகத் தன்னையே அர்ப்பணித்த கூலித் தொழிலாளி' என்று படத்தோடு. அந்தந்த வாரத்திலேயே குவாரியின் விளம்பரம், சாயப்பட்டறையின் விளம்பரம், கான்ட்ராக்டரின் வாழ்த்து விளம்பரம்.

பெரிய மனிதன் தியாகம் செய்தால் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்குகிறான். கூலிக்காரன் தியாகம் செய்தால் வீடு திரும்புவதில்லை. அதுவும் யாராவது ஒரு முதலாளியின் கூரைக்குக் கீழே செத்தால்தான் அந்தப் பட்டம். ஆற்றில் செத்தால் வெறும் பலி, ஏனென்றால் ஆறு விளம்பரம் தராது. செத்தார் என்று போட்டால் எப்படி என்று நாலு பேர் கேட்பார்கள். தியாகம் என்று போட்டால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன். கேட்க ஆளில்லாததால் கொஞ்சம் அதிகமாகவே திட்டினேன்.

மேலே வந்தால் ஆசிரியர் பல்லெல்லாம் தெரியக் காத்திருந்தார். விழாவுக்கு மண்டபமும் செலவும் மில்காரர்கள் தருகிறார்களாம். பழைய முதலாளியின் பேரன், எல்லோரும் சின்ன முதலாளி என்று சொல்கிற ஆள், மேடையில் மில் தியாகியின் மனைவிக்குக் கேடயம் கொடுத்துக் கௌரவிக்க ஆசைப்படுகிறாராம்.

"அந்தம்மா உன் மாமியாராமே? ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே நீ. எவ்வளவு பெருமையான விஷயம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடக்கிக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் சொன்னேன். என் கணவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வரேன். அதுக்கு முன்னாடி திருத்தம் போடச் சொல்லு."

"என்ன திருத்தம் அத்தை?"

"கதவு வெளிய பூட்டியிருந்துச்சு. போட்டோ வாங்க வந்த பேப்பர்காரர்கிட்ட அதைத்தான் சொன்னேன். அப்படியே எழுதறேன்மானுட்டுப் போனார். மறுநாள் பார்த்தா இது." சுவரைப் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினார். "இவனை இடுப்புல வெச்சுக்கிட்டு உங்க ஆபீசுக்குப் போனேன். தப்பு இருந்தா திருத்தம் போடுவோம்மா, பேப்பரைப் பார்த்துக்கிட்டே இருங்கனு சொன்னாங்க. பார்த்துக்கிட்டே இருக்கேன்."

தினமும் ஏழாம் பக்கம். நாற்பது வருஷமாக.

என் கணவர் குறுக்கே வந்தார். "அம்மா, நீ பழசையே சொல்லிக்கிட்டிருக்காத. பூட்டியிருந்தா என்ன? அப்பா நாலு பேரைக் காப்பாத்தப் போனாரு, அதுதானே முக்கியம். ஊரே மரியாதையாச் சொல்றதை நாமளே எதுக்குக் கெடுக்கணும்?"

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு மறுபடியும் பாத்திரத்துக்கே போய்விட்டார். அவர் போனதும் என் கணவர் என்னிடம் தாழ்ந்த குரலில், "எனக்குனு அவர் ஒண்ணுதான் விட்டுட்டுப் போயிருக்காரு. அதையும் பிடுங்காதீங்க ரெண்டு பேரும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. கோபத்தை முழுசாக ஆசிரியருக்கு வைத்துக்கொண்டேன்.

மறுநாள் போய்ச் சொன்னேன். ஆசிரியர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்த செய்திக்கு யாராவது திருத்தம் போடுவாங்களா?"

"தப்பு நாப்பது வருஷமா இருக்கு சார். அதனால சரியாகிடுமா?"

"என்னம்மா தப்பு? தியாகினுதானே போட்டோம், திருடன்னா போட்டோம்?"

"திருடன்னு போட்டிருந்தாக்கூட வழக்குப் போட்டிருக்கலாம் சார். தியாகினு போட்டா அழக்கூட முடியல."

"அது அந்தக் காலத்து நடைம்மா. அப்படித்தான் எழுதுவாங்க. அதுக்குத்தானே உன்னை அந்தப் பக்கத்தைப் பண்ணச் சொன்னேன்."

"கதவு பூட்டியிருந்ததா இல்லையானு சொல்றதுக்கு நடை எதுக்கு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "சின்ன முதலாளி நல்ல பையன். அவர் தாத்தா காலத்துச் சமாசாரத்தை அவர் தலையில ஏன் கட்டணும்? உங்க மாமியாருக்கு மரியாதை பண்றோம். சந்தோஷமா வாங்கிக்கச் சொல்லு" என்று சப்பைக்கட்டுக் கட்டினார். கௌரவம் மட்டும் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருமாம், கதவு வராதாம்.

போக வேண்டாம் என்றுதான் அத்தையிடம் சொன்னேன். அத்தை யோசித்தார்.

"மைக் குடுப்பாங்களா?"

"கேடயத்தை வாங்கிக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொல்வாங்க."

"ரெண்டு வார்த்தை போதும்" என்றார்.

விழா காலையில் நடந்தது. மண்டபம் நிறைய ஆள். மேடையில் ஒரு சின்ன மேஜைமேல் அந்த மரக்கட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். சின்ன முதலாளி நன்றாகத்தான் பேசினார். "இவங்க கணவர் மாதிரி ஆட்கள் தங்களையே கொடுத்ததாலதான் இன்னைக்கு இந்த மில் நிக்குது" என்றார். என் கணவர் கூட்டத்தின் ஓரத்தில் அத்தையின் கைப்பையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப நின்றார். அத்தை கேடயத்தை வாங்கினார். அதை எங்கே வைப்பது என்று பார்த்து, மரக்கட்டைமேலேயே வைத்துவிட்டு மைக்குக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்காரர் எதையும் குடுக்கல" என்றார். "நான் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். மில்லுல புகை. முன்பக்கம் இருந்தவங்க எல்லாம் வெளிய ஓடி வந்துட்டாங்க. இவர் பின்பக்கம் பஞ்சுக் கிடங்குல இருந்தார். நான் பின்கதவுக்கு ஓடினேன். வெளிய பூட்டு தொங்குது. ஆளுங்க பீடி குடிக்க வெளிய போறாங்கனு சூப்பர்வைசர் பூட்டிட்டு, சாவியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிட்டார். உள்ளேயிருந்து தட்டற சத்தம் கேட்டுச்சு. நான் வர்ற நேரம்னு அவருக்குத் தெரியும். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில இருந்த தூக்குச் சட்டியாலயே பூட்டை அடிச்சேன். சட்டி நசுங்கிடுச்சு, பூட்டு நசுங்கல. கொஞ்ச நேரத்துல தட்டறது நின்னுடுச்சு."

அத்தை மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"அவர் யாரையும் காப்பாத்தப் போகல. வீட்டுக்கு வரணும்னுதான் தட்டினார். அவ்வளவுதான்."

இறங்கி வந்துவிட்டார். கூட்டத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சின்ன முதலாளிதான் முதலில் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். கதவைத் தட்டிய சத்தத்தைப் பற்றிச் சொன்னவளுக்குக் கைதட்டல். நான் என் கணவரைத் தேடினேன். அவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்பா உள்ளேயிருந்து கதவைத் தட்டியதைப் பற்றி அவரும் இன்றைக்குத்தான் கேட்கிறார்.

சாயங்காலம் என் மேஜைக்கு விழாச் செய்தி வந்தது. ஏழாம் பக்கம். தலைப்பைப் படித்தேன்: 'கணவரின் தியாகத்தை நினைவுகூர்ந்து மூதாட்டி உருக்கம்'. உள்ளே, 'கணவருக்காகக் கடைசி நிமிடம்வரை கதவருகே காத்திருந்ததை அவர் விவரித்தபோது அரங்கமே கண்கலங்கியது'. பூட்டு இல்லை. சாவி இல்லை. சூப்பர்வைசர் இல்லை. ஒரு காலையில் நானூறு பேர் காதால் கேட்டதைச் சாயங்காலத்துக்குள் பூசி மெழுகிவிட்டார்கள்.

விழாவுக்கு வந்த நிருபரைப் பிடித்தேன். அவர் கையை விரித்தார். "பூட்டியிருந்ததுனு எழுதித்தான் குடுத்தேன். கத்திரி வெட்டிட்டார்."

கத்திரி என்பது எங்கள் உதவி ஆசிரியர். வெட்டுவதில் மன்னன் என்பதால் அந்தப் பெயர். அவரிடம் போனேன்.

"ஏன் சார் பூட்டை எடுத்தீங்க?"

"இடம் இல்லம்மா" என்றார், தலையைத் தூக்காமலே.

பக்கம் கட்டுகிறவளிடமே இடம் இல்லை என்கிறார். அந்தச் செய்திக்குப் பக்கத்தில் மரக்கட்டையின் படத்தை உள்ளங்கை அகலத்துக்குப் போடச் சொல்லி அவரேதான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கட்டைக்கு இடம் இருக்கிறது. பூட்டுக்கு இல்லை. அதற்குமேல் நான் வாதம் செய்யவில்லை. வாதம் செய்து என்ன கண்டேன்?

இங்கே எங்கள் வேலையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் உதவி ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். ஆனால் 'திருத்தம்' பெட்டி மட்டும் கையெழுத்துக்குப் பிறகு நிரம்புவது. யார் எப்போது போன் பண்ணி, என் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று சண்டை போடுவார்கள் என்று தெரியாதே. அதனால் பெட்டியைக் காலியாக விட்டுப் பக்கத்தை முடித்துவிட்டு, கடைசியில் நானே நிரப்பி அனுப்புவேன். யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செய்த தப்பை யார்தான் எட்டிப் பார்ப்பார்கள்? பவள விழா கண்ட பத்திரிகையில் யாரும் பார்க்காத ஒரே இடம் அந்தத் தீப்பெட்டிதான்.

அன்றைக்கு யாரும் போன் பண்ணவில்லை. பெட்டி காலியாக இருந்தது.

கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. இதைவிடத் தெளிவாக நான் எதையும் செய்ததில்லை. எழுதினேன்:

'திருத்தம்: நாற்பது ஆண்டுகளுக்கு முன் நமது இதழில், மில் தீயில் இறந்த தொழிலாளி சக தொழிலாளரைக் காக்கத் தியாகம் செய்தார் என வெளியானது தவறு. வெளிப்பக்கம் பூட்டப்பட்டிருந்த கதவுக்குப் பின்னால் அவர் இறந்தார் என்றிருக்க வேண்டும். பிழைக்கு வருந்துகிறோம்.'

எழுத எனக்கு யாரும் ஒரு வரி கொடுத்ததில்லை என்றேனே. நானாகவே மூன்று வரி எடுத்துக்கொண்டேன். பக்கம் அச்சுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். நானும் சளைக்கவில்லை. என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சின்ன முதலாளி பயங்கரக் கோபமாம். மறுநாளே மறுப்புப் போட வேண்டும் என்றாராம். போட முடியவில்லை. திருத்தத்துக்குத் திருத்தம் என்றால் கதவு திறந்திருந்தது என்று போட வேண்டும். மண்டபம் முழுக்கக் கேட்ட பிறகு அப்படி எழுதிக் கையெழுத்துப் போட அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சிரிக்கிற பக்கத்தையும் மலரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று காலை பேப்பர் வந்து விழுந்தபோது நான் அடுப்படியில் நின்று, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அத்தை வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு, ஏழாம் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"நீ படி. எனக்குச் சரியாத் தெரியுதானு பார்க்கணும்."

முந்தின நாள் விழாவிலிருந்து பேசாமலிருந்த என் கணவர் வந்து வாங்கிப் படித்தார். 'பூட்டப்பட்டிருந்த' என்ற இடத்தில் நிறுத்தி, அந்தச் சொல்லை இன்னொரு தரம் படித்தார். பிறகு கடைசிவரை படித்தார். பிழைக்கு வருந்துகிறோம் என்பதையும் விடவில்லை.

அத்தை பேப்பரை வாங்கி மடியில் விரித்து, அந்தப் பெட்டியைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார்.

"சின்னதாத்தான் போட்டிருக்காங்க."

"அவ்வளவுதான் அத்தை இடம்" என்றேன்.

"பரவால்ல. பூட்டுனு போட்டிருக்குல்ல" என்றார்.

என் கணவர் சுவரிலிருந்த சட்டத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அவர் உன் பேரைச் சொல்லியா கூப்பிட்டாரு?"

அத்தை மகனின் தலையில் கையை வைத்தார்.

"ஆமா. ரெண்டு தடவை என் பேரு. அப்புறம் எல்லாம் உன் பேருதான்."